ஜைரோபிளேன் ஓட்ட யாரை அணுகுவது?

அனைவருக்கும் வணக்கம். செந்தூலில் இருந்து எழுதுகிறேன். என் அக்காள் மகன் ஜைரோபிளேன் (தலைக்கு மேல் சுழலும் விசிறி கொண்ட சிறு வானூர்தி) ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அமெரிக்காவில் சுமார் 115 கிலோவுக்குக் குறைவான, ஒருவர் மட்டும் அமரும் அல்ட்ராலைட் (மிக இலகுவான வானூர்தி) வகைக்கு விமானி உரிமம் தேவையில்லை. அதைப் படித்துவிட்டு, இங்கேயும் பாகங்களை வாங்கிப் பூட்டிப் பறந்துவிடலாம் என்கிறான். அங்கேயும் பகலில்தான் பறக்கலாம், மக்கள் நெருக்கமான பகுதிக்கு மேல் கூடாது என்ற வரிகள் மட்டும் அவன் கண்ணில் படவில்லை! அமெரிக்கச் சட்டம் கோலாலம்பூர் வானத்தில் செல்லாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தில் இதற்காக விண்ணப்பித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எந்த உரிமம், எந்த மருத்துவச் சான்று கேட்கிறார்கள்? தீபகற்பத்தில் பயிற்சி தருபவர் உண்டா? சொந்தமாகப் பூட்டிய வண்டிக்கு அனுமதி கிடைக்குமா? ஹெலிகாப்டர் அனுபவத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். பறக்கும்போது இதன் மேல் விசிறிக்கு இயந்திரம் விசை தருவதில்லை. கீழிருந்து மேலேறும் காற்றுதான் அதைச் சுழற்றுகிறது.

பெயரிலும் வீட்டில் சண்டை. 1923இல் ஸ்பெயினில் இதை வெற்றிகரமாகப் பறக்கவிட்ட ஹுவான் டி லா சியர்வாவின் வணிகப் பெயர் ஆட்டோஜைரோ. ஜைரோகாப்டர், பின்னாளில் அமெரிக்காவில் இகோர் பென்சன் தன் தயாரிப்புக்குச் சூட்டியது. அமெரிக்க விதிநூலில் இருப்பதோ ஜைரோபிளேன். நம் நாட்டுப் படிவத்தில் எதை எழுதுவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், பையன் முன்பணம் கட்டத் துடிக்கிறான்.