விண்வெளிக் கொள்கை எழுதுபவன் கட்சி அரசியலும் பேசலாமா?

கேள்வி (அடிக்குறிப்பு ஆசாமி):

பத்து வருடமாக விண்வெளிக் கொள்கை பற்றி எழுதுகிறேன். ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்பதைவிட, அதற்கு யார் பணம் ஒதுக்கினார்கள், ஏன் ஒதுக்கினார்கள் என்பதுதான் எனக்குப் பிழைப்பு. கேட்கக் கம்பீரமாக இருக்கும். பாதி நாள் பட்ஜெட் ஆவணத்தில் அடிக்குறிப்பு தேடுவதில் போய்விடும். மீதி நாள், நேரங்கெட்ட நேரத்தில் எழுந்து கவுண்ட்டவுன் நின்றுபோவதைப் பார்ப்பது. நிலவுக்கு ஆளில்லாமல் நாசா அனுப்பிய ஆர்ட்டெமிஸ் 1-க்காக 2022 ஆகஸ்ட் 29 அன்று விழித்திருந்தேன். ஒரு என்ஜின் போதுமான அளவு குளிரவில்லை என்று நிறுத்தினார்கள். செப்டம்பர் 3, ஹைட்ரஜன் கசிவு. நவம்பர் 16 அன்று ஒருவழியாகக் கிளம்பியபோது தூங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். போன மாதம் வரிக் கொள்கை பற்றி நாலு வரி எழுதினேன். "ராக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றார்கள். சரி என்று ராக்கெட்டுக்கே திரும்பி, ஆர்ட்டெமிஸை ஏற்றிச்செல்லும் நாசாவின் எஸ்எல்எஸ் ராக்கெட் வீண்செலவு என்று எழுதினால், "இவர் அந்தக் கட்சி ஆள்" என்கிறார்கள். அந்த ராக்கெட்டைக் கட்டச் சொன்னதே 2010-ல் அமெரிக்க காங்கிரஸ் போட்ட சட்டம். ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்களையும் ஆட்களையும் முடிந்தவரை பயன்படுத்தச் சொன்னதும் அதே சட்டம். அரசியலை ஒதுக்கிவிட்டு இதை எப்படி எழுதுவது?

பதில் (அமைதிக்கடல்):

இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். எஸ்எல்எஸ் அரசியல் உங்கள் துறை, எழுதுங்கள். வரி பற்றிய கருத்து ஓட்டுப் போடும் எல்லோருக்கும் இருப்பதுதான். அதைக் கேட்க உங்களிடம் ஏன் வரவேண்டும்? நான் உங்களைப் படிப்பது அந்த அடிக்குறிப்புகளுக்காக.

பதில் (பழைய பொறியாளர்):

கட்சி முத்திரை குத்துபவர்களிடம் 2010-ஐயே எடுத்துக் காட்டுங்கள். விண்வெளி வீரர்களை ஏற்றிச்செல்லும் வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் விடலாம் என்றது ஜனநாயகக் கட்சியின் ஒபாமா அரசு. தனியார் துறையைத் தலையில் வைத்துக் கொண்டாடும் குடியரசுக் கட்சியில்தான் பலர் எதிர்த்தார்கள். அலபாமா செனட்டர் ஷெல்பி அதில் முக்கியமானவர்; ராக்கெட் வேலை நடக்கும் நாசாவின் மார்ஷல் மையம் அவர் மாநிலத்தில் இருக்கிறது. எஸ்எல்எஸ் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஃபுளோரிடாவின் நெல்சன் ஜனநாயகக் கட்சி, டெக்சாஸின் ஹட்சிசன் குடியரசுக் கட்சி. நாசாவின் கென்னடி மையம் முன்னவர் மாநிலத்தில், ஜான்சன் மையம் பின்னவர் மாநிலத்தில். இங்கே கட்சிக்கொடியைப் பார்க்காதீர்கள், தொகுதியைப் பாருங்கள். நானும் அப்படி ஒரு தொகுதியில் சம்பளம் வாங்கியவன்தான். எங்கள் திட்டத்தை ஒருவர் குறை சொன்னால் இன்றைக்கும் சுருக்கென்று இருக்கும்.

பதில் (அடிக்குறிப்பு ஆசாமி):

அமைதிக்கடல் சொன்னது உறைத்தது. வரிக் கட்டுரையை எடுக்கப்போவதில்லை, ஆனால் இனி அதற்கு வேறு இடம். எஸ்எல்எஸ் விஷயத்தில் மட்டும் இறங்கிவரமாட்டேன். முதல் நான்கு ஆர்ட்டெமிஸ் பயணங்களுக்கும் ஒவ்வொரு ஏவுதலுக்கு 410 கோடி டாலர் ஆகும் என்று 2022-ல் கணக்குச் சொன்னது நாசாவின் சொந்தத் தணிக்கைத் தலைமை அதிகாரி. அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

பொறியாளர் ஐயா, மூன்று செனட்டர்களையும் வைத்து அடுத்த கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். சுருக்கென்ற விஷயத்தை எழுத அனுமதி உண்டா?

பதில் (பழைய பொறியாளர்):

தாராளமாக, பெயர் மட்டும் வேண்டாம். அப்புறம் ஒன்று: ஆகஸ்ட் 29 அன்று என்ஜின் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கிறது, சென்சார்தான் தப்பு சொல்லியிருக்கிறது என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். திரவ ஹைட்ரஜன் ராக்கெட் என்றால் முதல் முயற்சிக்கெல்லாம் அலாரம் வைக்காதீர்கள்.