தேடினா வேற இடத்துக்குப் போகுது

சித்தி: குரோம்ல எதைத் தேடினாலும் ஏதோ வேற தேடல் பக்கத்துல போய் நிக்குது. செட்டிங்ஸ்ல கூகுள்னு மாத்தினேன். மூடித் திறந்தா பழையபடி ஆயிடுது. யாராவது பாருங்கப்பா.

கயல்: சித்தி, மாத்தினது தானா திரும்புதுன்னா வெளியில இருந்து ஏதோ ஒண்ணு அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அது எதுன்னு கண்டுபிடிக்காம செட்டிங்ஸை எத்தனை தடவை மாத்தினாலும் நிக்காது. சர்ச் இன்ஜின் பக்கத்துல, ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது குரோம்ல கூடுதலா ஒட்டுற குட்டி புரோகிராம், இதைக் கட்டுப்படுத்துதுன்னு வரி ஏதும் இருக்கா? இருந்தா அதோட பேரும் அங்கயே தெரியும்.

சித்தி: அப்படி இல்லம்மா. ஆனா மேல மூணு புள்ளி மெனுவைத் திறந்தா, அடியில உங்க நிறுவனம் நிர்வகிக்குதுன்னு போட்டிருக்கு. இது வீட்டு லேப்டாப்தானே?

தினேஷ்: அதுதான் சித்தி முக்கியமான துப்பு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இன்னின்னதை மாத்தக்கூடாதுன்னு பூட்டுறதுக்கு பாலிசின்னு ஒரு வசதி இருக்கு. வேற எதையோ போடும்போது கூட வந்த ஏதோ ஒரு புரோகிராம் அதே பூட்டை உங்க லேப்டாப்ல போட்டிருக்கும். சில ஆன்டிவைரஸும் நியாயமா பாலிசி போடும், அதனால பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

தினேஷ்: முகவரிப் பட்டையில இங்கிலீஷ்ல குரோம், அரைப்புள்ளி இல்ல, முக்காற்புள்ளி, ரெண்டு சாய்கோடு, பாலிசின்னு (chrome://policy) அடிங்க. வர்ற பக்கத்துல என்ன பேரெல்லாம் இருக்கு?

சித்தி: எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்னு ஒண்ணு. பக்கத்துல நீளமா எழுத்து எழுத்தா ஏதோ இருக்கு.

தினேஷ்: பிடிச்சாச்சு. கட்டாயமா போட்டு வைக்கிற எக்ஸ்டென்ஷன் பட்டியல் அது. அந்த நீள எழுத்துல முதல் 32 எழுத்து எக்ஸ்டென்ஷனோட அடையாளம். இங்கிலீஷ்ல a-ல இருந்து p வரைக்கும் உள்ள 16 எழுத்து மட்டும்தான் அதுல வரும். அதை ஒரு தாள்ல குறிச்சு வைங்க. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்துல டெவலப்பர் மோடை ஆன் பண்ணினா ஒவ்வொண்ணுக்கும் கீழ ஐடி தெரியும். இதோட ஒத்துப்போறதுதான் ஆள். அதுக்கு ரிமூவ் பட்டன் வேலை செய்யாது, பாலிசி விடாது.

சித்தப்பா: கடைசில யாஹூ பக்கம்தானே வருது? அவங்க வேலையா இது?

கயல்: இல்ல சித்தப்பா. யாஹூ, பிங் மாதிரி தெரிஞ்ச இடத்துல போய் முடியுறது வழக்கம்தான். நடுவுல ஒரு தெரியாத முகவரி வழியா தேடலைத் திருப்பி விடுறவனுக்குத்தான் அதுல காசு. அந்த முகவரி கண் இமைக்கிறதுக்குள்ள மறைஞ்சிடும். போன்ல திரையை வீடியோ எடுத்து, மெதுவா ஓட்டி நிறுத்திப் பாருங்க, பேர் தெரியும்.

சித்தி: இன்காக்னிட்டோலயும் அப்படியேதான் போகுது. அப்போ எக்ஸ்டென்ஷன் இல்லையோ?

கயல்: இன்காக்னிட்டோவை வச்சு முடிவு பண்ணாதீங்க சித்தி. எக்ஸ்டென்ஷன் அதுல ஓடாட்டாலும், எந்த சர்ச் இன்ஜின்ங்கிற செட்டிங்கை உங்க புரொஃபைல்ல இருந்துதான் எடுக்கும். வலது மேல் மூலையில உங்க படத்தைத் தட்டி கெஸ்ட் விண்டோ திறங்க. அதுல சரியா வந்தா கோளாறு புரொஃபைலுக்குள்ள.

சித்தி: கெஸ்ட்ல கூகுள் ஒழுங்கா வருது 👍

தினேஷ்: சரி. இப்போ வரிசை தப்பக்கூடாது. எக்ஸ்டென்ஷனை முதல்ல எடுத்தா அதைப் போட்ட புரோகிராம் மறுபடி போட்டுடும். அதனால வேர்ல இருந்து வாங்க.

முதல்ல குரோம்ல சிங்க்கை, அதாவது செட்டிங்ஸை அக்கவுண்ட்ல ஏத்தி மத்த கம்ப்யூட்டரோட ஒத்துப்போக வைக்கிறதை, நிறுத்துங்க. இல்லாட்டி இங்க எடுத்தது அக்கவுண்ட்ல இருந்து திரும்பி வரும், மத்த கம்ப்யூட்டருக்கும் போகும்.

அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸ்ல இன்ஸ்டால்டு ஆப்ஸ். தேதி வாரியா அடுக்குங்க. தொந்தரவு ஆரம்பிச்ச நாளை ஒட்டி வந்ததுல, நீங்க கேட்டுப் போடாததை எடுங்க. பிடிஎஃப் மாத்துறது, வீடியோ இறக்குறது, இலவச டிரைவர் அப்டேட்னு பேர் வச்சிருக்கும்.

சித்தி: பிடிஎஃப் மாத்துறது ஒண்ணு இருந்துச்சு. எடுத்துட்டேன்.

தினேஷ்: குறிச்ச நேரத்துல வேலைகளைத் தானா ஓட்டுற டாஸ்க் ஷெட்யூலரைத் திறங்க சித்தி. இடது பக்கம் லைப்ரரியைத் தட்டி, ஒவ்வொண்ணுலயும் ஆக்‌ஷன்ஸ் பாருங்க. பவர்ஷெல்லை (விண்டோஸ் கட்டளைகளை ஓட்டுறது) இயக்கி ஏதோ ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைக் கோப்பை, ஓட்டுற மாதிரி இருந்தா போட்டோ அனுப்புங்க. அழிச்சிடாதீங்க, டிஸேபிள் மட்டும். விண்டோஸோட சொந்த வேலைகளும் அங்க இருக்கும்.

சித்தி: (போட்டோ)

தினேஷ்: ரெண்டாவது வரிதான். தினமும் லாகின் ஆகும்போது ஓடுது, ஸ்கிரிப்ட் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டர்ல கிடக்கு. நீங்க மாத்தினதெல்லாம் திரும்பினதுக்கு இதுதான் காரணம். டிஸேபிள் பண்ணிட்டு குரோமை முழுசா மூடுங்க.

இனி ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் தன் செட்டிங்ஸை வச்சிருக்கிற இடம். அதைத் திறக்கிற ரெஜெடிட்டை (regedit) அட்மினா திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம்னு வரிசையா உள்ள போங்க. குரோம்ங்கிற ஃபோல்டர்ல வலது கிளிக், எக்ஸ்போர்ட். டெஸ்க்டாப்ல ஒரு நகல் இருக்கட்டும். அதுக்கப்புறம் உள்ள இருக்கிற ஃபோர்ஸ்லிஸ்டை மட்டும் அழிங்க. அதே பாதை ஹெச்கீ கரண்ட் யூசர்லயும் இருக்கான்னு பாருங்க. பல பேர் அதை விட்டுடுறாங்க.

கயல்: ஆபீஸ் லேப்டாப் வச்சிருக்கிறவங்க யாரும் இதைப் பார்த்துத் தொட்டுடாதீங்க. அது உண்மையாவே நிறுவனத்தோட பூட்டு.

சித்தி: கரண்ட் யூசர்லயும் இருந்துச்சு. ரெண்டையும் எடுத்தாச்சு. இப்போ பாலிசி பக்கம் காலியா இருக்கு!

கயல்: அந்தப் பக்கத்துல ரீலோட் பாலிசிஸை ஒரு தடவை அழுத்துங்க. இப்ப எக்ஸ்டென்ஷனுக்கு ரிமூவ் வேலை செய்யும். அப்புறம் செட்டிங்ஸ்ல ரீசெட். புக்மார்க், ஹிஸ்டரி, சேமிச்ச பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கும். தொடக்கப் பக்கம், சர்ச் இன்ஜின் பழைய நிலைக்கு வரும், எக்ஸ்டென்ஷன்கள் அணைஞ்சிடும். தேவையானதை மட்டும் ஒவ்வொண்ணா ஆன் பண்ணுங்க.

கயல்: டெஸ்க்டாப்ல குரோம் ஐகான்ல வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டார்கெட் பெட்டியையும் பாருங்க. குரோம் டாட் இஎக்ஸ்இ, அதுக்கப்புறம் மேற்கோள் குறி. பொதுவா அதோட முடிஞ்சிருக்கும். அந்தக் குறிக்குப் பின்னாடி ஒரு இடைவெளி விட்டு ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தா அதை மட்டும் அழிங்க. டாஸ்க்பாரில இருக்கிற ஐகான் தனி, அதை அன்பின் பண்ணி மறுபடி பின் பண்ணிடுங்க.

சித்தப்பா: என் மேக்ல இப்படி வந்தா?

கயல்: சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஜெனரல், டிவைஸ் மேனேஜ்மென்ட். பழைய பதிப்புல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள புரொஃபைல்ஸ். இது குரோம் புரொஃபைல் இல்ல, மேக்கோட செட்டிங்ஸைப் பூட்டுறது. உங்களுக்குத் தெரியாத புரொஃபைல் இருந்தா அதுதான் பூட்டு. லாகின் ஐட்டம்ஸையும் பாருங்க. ஃபயர்ஃபாக்ஸ்னா ரிஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்னு ஒரு பட்டன், பழைய தகவல் டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டரா வந்து நிக்கும்.

தினேஷ்: வீட்டுல எல்லா சாதனத்துலயும் ஒரே நேரத்துல இப்படி ஆனா, கம்ப்யூட்டர்ல தேடாதீங்க. ரவுட்டரோட டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தோட பேரை வச்சு அதோட முகவரியைத் தேடித் தர்ற செட்டிங்கை, யாரோ மாத்தியிருக்கலாம். வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுல சரியா வருதான்னு பார்த்தா தெரிஞ்சிடும்.

சித்தி: யூடியூப்ல குரோமே கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணும்னு ஒருத்தர் சொன்னாரே?

தினேஷ்: பழைய வீடியோ சித்தி. அந்த கிளீனப் வசதியை 2023-லயே எடுத்துட்டாங்க. விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்க, லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகும், கால் மணி நேரம் பிடிக்கும். விண்டோஸ் முழுசா எழும்புறதுக்கு முன்னாடியே தேடுறதால, ஒளிஞ்சிருக்கிற ஸ்கிரிப்டுக்கு ஓட நேரம் இருக்காது.

கயல்: ஸ்கேன் முடிஞ்சதும் மெயில், பேங்க் பாஸ்வேர்டை மாத்திடுங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம். எல்லாத் தளத்துலயும் படிக்க, மாத்த அனுமதி வாங்கின எக்ஸ்டென்ஷன் நீங்க அடிக்கிறதைப் பார்க்க முடியும். அது இருக்கும்போதே மாத்தினா புதுசும் போயிடும்.

சித்தி: ஸ்கேன் போட்டுட்டேன். இப்ப 12 சதவீதம்.

தினேஷ்: நாளைக்குக் காலையில லேப்டாப்பைத் திறந்ததும் பாலிசி பக்கத்தைப் பாருங்க சித்தி. அந்த டாஸ்க் லாகின்லதான் ஓடிச்சு. அப்பவும் காலியா இருந்தா டாஸ்க்கை அழிச்சுட்டு, சிங்க்கை ஆன் பண்ணுங்க.