எம்பிஏ கட்டுரையில முகாம் கதை எழுதலாமோ?

கிளிநொச்சிப் பெடியன்: இன்சியாட் எண்ட பிசினஸ் ஸ்கூலுக்கு எம்பிஏ படிக்க அப்ளை பண்ணப்போறன், பரந்தன் பக்கம் நெல் கொள்வனவு பாக்கிறன், சின்னனில முகாமில இருந்ததை எழுதினா அனுதாபம் தேடுற மாதிரி இருக்குமோ?

வவுனியா அக்கா: எழுதுங்கோ தம்பி, ஆனா அதிலயே நிக்காதேங்கோ, அவைக்குத் தெரியவேண்டியது நீங்கள் எடுத்த முடிவுகள். காலபோக அறுவடையில யாவாரி ஈரநெல்லை அடிமாட்டு விலைக்குக் கேக்கேக்க என்ன செய்தனீங்கள், ஆரோட கதைச்சனீங்கள், சனம் ஏன் உங்களை நம்பினது, எல்லாத்தையும் மூட்டைக் கணக்கோட எழுதுங்கோ.

முல்லை: சிபாரிசுக் கடிதம் பெரிய பதவிக்காரரிட்ட வேண்டாம் அண்ணை, உங்கட வேலையைக் கிட்ட இருந்து பாத்த மனேஜரிட்ட கேளுங்கோ. எம்பிஏ நுழைவுப் பரீட்சை ஜிமாட்டில புள்ளி இப்ப 205இல இருந்து 805 வரை, அந்தப் பரீட்சையில கட்டுரை இல்லை, டேட்டா இன்சைட்ஸ் எண்ட பகுதியை விட்டிடாதேங்கோ.

கிளிநொச்சிப் பெடியன்: நெல் காயப்போட தளம் பிடிச்ச கதை இருக்கக்கா, எழுதி அனுப்புறன், பாத்துச் சொல்லுங்கோ.