ஃபிளைட் சிம்முல ஏர்பஸ் ஏ320 ஓட்ட புது பிசி அசெம்பிள் பண்றேன், பார்ட்ஸ் லிஸ்ட் சரியான்னு பாத்து சொல்லுங்க

கோவைப்பறவை:

வணக்கம்ங்க எல்லாருக்கும். இவ்வளவு நாளும் ஒரு பழைய லேப்டாப்லதான் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டிட்டு இருந்தேன், சின்ன செஸ்னாவ எடுத்துட்டு பீளமேட்ல இருந்து கெளம்பி ஆனமலை பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வர்றதுக்கு அது ஓரளவு தாங்குச்சு. இப்போ மனசு முழுக்க ஏ320 மேலதான். ஃபெனிக்ஸ்ங்கற ஏ320 ஆட்-ஆன் வாங்கி வச்சிருக்கேன், ஆனா சென்னைல ஐஎல்எஸ் (ரன்வேக்கு வழி காட்டற ரேடியோ சிக்னல்) புடிச்சு இறங்கறப்போ கடைசி 500 அடில திரை நின்னு நின்னு ஓடுது, ஃபிளேர் (தரை தொடறதுக்கு முன்னாடி மூக்க லேசா தூக்கறது) எப்போ பண்றதுன்னே புரிபட மாட்டேங்குது. அதான் புதுசா டெஸ்க்டாப் போடலாம்னு இறங்கிட்டேன்.

ஓட்டப்போறது எம்எஸ்எஃப்எஸ் 2024 (மைக்ரோசாஃப்ட் சிம்மோட 2024 பதிப்பு), முக்காவாசி ஏ320, வாட்சிம்ல (நிஜ ஆளுங்களே கண்ட்ரோலரா இருக்கற ஆன்லைன் நெட்வொர்க்). 27 இன்ச் 1440பி மானிட்டர் கைல இருக்கு. சைட்ஸ்டிக், த்ராட்டில் எல்லாம் சேத்து ரெண்டரை லட்சம் வரைக்கும் போலாம். இங்க ஒரு கடைல கொட்டேஷன் குடுத்தாங்க: கோர் ஐ9 14900கே, 360 எம்எம் லிக்விட் கூலர், ஆர்டிஎக்ஸ் 5070 12 ஜிபி, டிடிஆர்5 16 ஜிபி நாலு ஸ்டிக் போட்டு மொத்தம் 64, 1000 வாட் பவர் சப்ளை, முன்னாடி ஃபுல்லா கண்ணாடி வச்ச கேபினெட்டு. 24 கோர் இருக்கு, இதுக்கு மேல சிம்முக்கு என்ன வேணும்னு கேக்கறாங்க. எனக்கென்னமோ முழுசா நம்பிக்கை வரல, ஏன்னு சொல்லவும் தெரியல. அனுபவம் உள்ள அண்ணன் அக்காங்க கொஞ்சம் பாத்து சொல்லுங்க.

ரன்வே25:

தம்பி, அந்த கொட்டேஷன் வீடியோ எடிட்டிங் பண்றவருக்கு போட்டது மாதிரி இருக்கு. ஒவ்வொரு பார்ட்டும் நல்ல பார்ட்டுதான், ஆனா ஃபிளைட் சிம்முக்குன்னு யோசிச்சு போட்டதில்ல.

மொதல்ல சிபியு. சிம்முல ஃபிளைட் மாடல், ஏஐ ட்ராஃபிக், ஏர்போர்ட்ல இருக்கற சாமான் எதை எப்போ வரையணும்ங்கற கணக்கு இதெல்லாம் பெரும்பாலும் மெயின் த்ரெட்னு ஒரே எடத்துல வந்து குவியும். கல்யாண மண்டபத்துல காய் நறுக்க 24 பேர் இருந்தாலும் சாம்பார்ல உப்பு பாத்து எறக்கறது ஒரே ஒரு சமையக்காரர்தான்னா பந்தி அவரோட வேகத்துலதான் நடக்கும், அதே கதைதான் இங்கயும். அதனால மொத்தம் எத்தன கோர்ங்கறத விட ஒரு கோர் எவ்வளவு வேகம், அதுக்கு டேட்டா எவ்வளவு கிட்ட இருக்குங்கறதுதான் முக்கியம். ஏஎம்டியோட எக்ஸ்3டி சிப்புங்க ஜெயிக்கறது இந்த எடத்துலதான். ரைசன் 7 7800எக்ஸ்3டில எல்3 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) 96 எம்பி, 14900கேல 36 எம்பி. சிம்மு திரும்பத் திரும்ப கேக்கற டேட்டா கேஷ்லயே கெடச்சுட்டா ராம் வரைக்கும் போய் காத்திருக்க வேண்டியதில்ல, நீங்க சொன்ன அந்த நின்னு நின்னு ஓடற தொல்லை கொறையறதுக்கு இது ஒரு பெரிய காரணம். கோர் எட்டுதானேன்னு யோசிக்காதீங்க, ஃபெனிக்ஸ் அதோட சிஸ்டம்ஸ சிம்முக்கு வெளிய தனி ப்ரோகிராமா ஓட்டுது, அதையும் சேத்து எட்டு கோர் தாராளமா போதும்.

இன்னொன்னு, 13வது 14வது தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புங்கள்ல வோல்டேஜ் ஏறி சிப்பு நாளாவட்டத்துல கெட்டுப்போற பிரச்சனைய இன்டெல்லே 2024ல ஒத்துக்கிட்டு மைக்ரோகோட் (சிப்ப கட்டுப்படுத்தற உள் சாஃப்ட்வேர்) அப்டேட் விட்டாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் கூட்டிக் குடுத்தாங்க. அப்டேட் போட்ட புது சிப்புக்கு பயப்பட வேண்டியதில்லதான், ஆனா 253 வாட் வரைக்கும் குடிக்கற சிப்ப வாங்கி, அத ஆத்தறதுக்கு ஒரு லிக்விட் கூலருக்கும் காசு குடுத்து, கடைசில சிம்முல 120 வாட் டிடிபி (கூலருக்கு கணக்கு வைக்கற சூட்டு அளவு) சிப்பு கிட்ட தோக்கறதுக்கு எதுக்கு ரெண்டு செலவு?

7800எக்ஸ்3டி இல்லன்னா 9800எக்ஸ்3டி, ரெண்டுல ஒண்ணு எடுங்க. 2024 நவம்பர்ல வந்த 9800ல கேஷ கோருக்கு அடியில வச்சுட்டாங்க, அதனால சூடு நேரா மேல கூலருக்கு ஏறிடும், வேகமும் கூட. காசு இடிச்சா 7800லயே நிம்மதியா ஓட்டலாம். போர்டு பி650 இல்ல பி850 போதும், எக்ஸ்870 எல்லாம் சிம்முக்கு ஒரு ஃபிரேம் கூட சேத்துத் தராது. பழைய ஸ்டாக் பி650 போர்டுல 9800 போடறதா இருந்தா பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணித் தரச் சொல்லி கடைலயே பாத்துட்டு எடுத்துட்டு வாங்க. ஏஎம்5 சாக்கெட்ட (இந்த சிப்புங்க போர்டுல உக்காரற எடம்) 2027 வரைக்கும் சப்போர்ட் பண்றோம்னு ஏஎம்டி சொல்லியிருக்கு, பின்னாடி சிப்ப மட்டும் மாத்திக்கலாம்.

ராம் நாலு ஸ்டிக் கண்டிப்பா வேண்டாம். ஏஎம்5ல நாலு ஸ்லாட்டும் ரொப்பினா மெமரி வேகம் கீழ எறங்கிடும், அஃபிஷியலா 3600 வரைக்கும்தான் சொல்றாங்க. ரெண்டே ஸ்டிக், 6000 சிஎல்30, பயாஸ்ல எக்ஸ்போ (ராம அதோட முழு வேகத்துல ஓட வைக்கற செட்டிங்) ஆன் பண்ணிட்டீங்களான்னு மறக்காம பாருங்க. என்னக் கேட்டா 32 ஜிபி போதும்.

சிங்கைவானம்பாடி:

சிபியு விஷயத்துல ரன்வே அண்ணா சொன்னது அத்தனையும் சரி. ராம்ல மட்டும் எனக்கு வேற கருத்து. மைக்ரோசாஃப்ட்டே எம்எஸ்எஃப்எஸ் 2024க்கு ரெகமண்டட் 32 ஜிபி, ஐடியல் 64 ஜிபின்னு போட்டிருக்காங்க. சிம்மு, ஃபெனிக்ஸ், வாட்சிம் கிளையண்ட், சார்ட்டு பாக்கற ஆப்பு, பிரவுசர்ல ஃபிளைட் பிளான் போடற சிம்பிரீஃப், எல்லாம் ஒண்ணா தொறந்து வச்சா 32 நெறஞ்சுக்கிட்டே வரும். நாலு ஸ்டிக் கூடாதுன்னா அப்புறமா சேக்கவும் வழியில்லயே தம்பி, அதனால முடிஞ்சா இப்பவே 32 ஜிபி ரெண்டு ஸ்டிக்கா எடுத்துடுங்க. 2025 கடைசில இருந்து ராம் விலை கண்ணாபின்னான்னு ஏறிக் கெடக்கு, ஏஐ டேட்டா சென்டருக்கே எல்லாம் போயிடுது, அதுவும் உண்மைதான். கட்டுப்படி ஆகலன்னா 32ல நிறுத்துங்க, ஆனா அந்தக் காச ஆர்ஜிபி ஃபேனுக்கு மட்டும் குடுத்துடாதீங்க.

நான் முக்கியமா சொல்ல வந்தது கார்டு பத்தி. 5070 வேகம் 1440பிக்கு நல்லாவே பத்தும், இடிக்கறது கார்டோட சொந்த மெமரி, அந்த 12 ஜிபி விராம்தான். எம்எஸ்எஃப்எஸ் 2024 விராம ரொம்பவே சாப்பிடுது. ஏர்லைனர் காக்பிட்டோட டெக்ஸ்ச்சர், காசு குடுத்து வாங்கின ஏர்போர்ட் சீனரி, பக்கத்துல நிக்கற மத்த விமானத்தோட லிவரி (வெளி பெயிண்ட்), இதெல்லாம் சேந்து 12ஐ தாண்டின நிமிஷம் ஃபிரேம் மெதுவா கொறையாது, மொத்தமா சரிஞ்சு விழும். அதுவும் நாலு மணி நேரம் பறந்து களைச்சுப் போய் அப்ரோச்ல இருக்கறப்போதான் அது நடக்கும், இத அனுபவிச்ச எல்லாருக்கும் தெரியும். 16 ஜிபி கார்டா பாருங்க. 5070 டிஐ ரொம்ப நல்லா இருக்கும், இல்லன்னா ரேடியான் 9070 எக்ஸ்டி. அதுவும் எட்டலன்னா 5060 டிஐல 16 ஜிபி மாடல எடுத்துட்டு செட்டிங்ஸ் கொஞ்சம் கொறச்சு ஓட்டறது, அதே 5060 டிஐ 8 ஜிபிய எடுத்துட்டு அவதிப்படறத விட எவ்வளவோ மேல்.

ஃபிரேம் ஜெனரேஷன் (நடுவுல கார்டே ஃபிரேம் உண்டாக்கி சேக்கறது) இருக்கே அது ஏர்லைனருக்கு அருமையான விஷயம், துப்பாக்கி சண்டை கேம் மாதிரி உடனுக்குடன் கை அசைய வேண்டியதில்லயே, சின்ன தாமதம் தெரியாது. ஆனா நிஜமான ஃபிரேம் 20ல இருக்கறப்போ அத 40 ஆக்கிக் காட்டினா கைக்கும் திரைக்கும் ஒட்டாது, அடிப்படையா ஒரு 35-40 இருந்தாத்தான் அது அழகா வரும். டிஎல்எஸ்எஸ் (கொறஞ்ச ரெசல்யூஷன்ல வரைஞ்சு ஏஐ வச்சு பெருசாக்கறது) போட்டா பிஎஃப்டில (வேகம், உயரம் காட்டற மெயின் திரை) ஓடற நம்பர் பின்னாடி நிழல் மாதிரி இழுக்கும், டிஎல்எஸ்எஸ் 4ல புதுசா வந்த ட்ரான்ஸ்ஃபார்மர் மாடல்ல அது நல்லாவே கொறஞ்சிருக்கு. எனக்கு காக்பிட் எழுத்து கத்தி மாதிரி தெரியணும், அதனால கார்டு தாங்கற வரைக்கும் டிஏஏலயே (முழு ரெசல்யூஷன்ல ஓரத்த மட்டும் வழவழப்பாக்கறது) ஓட்டறேன்.

செட்டிங்ஸ்ல ஒரே ஒரு ஸ்லைடர் மேல கண்ணு வைங்க, டெரெய்ன் எல்ஓடி (தரை எவ்வளவு தூரம் வரைக்கும் விவரமா தெரியணும்ங்கறது). சிபியுவ பிழியறது அதுதான். பெரிய ஏர்போர்ட்ல தரைல 100, மேல ஏறினப்புறம் 200னு வச்சுக்கலாம், அத தானா மாத்தித் தர ஆட்டோ எஃப்பிஎஸ்னு ஒரு இலவச டூல் இருக்கு. எது இழுக்குதுன்னு தெரியணும்னா டெவலப்பர் மோடு ஆன் பண்ணி எஃப்பிஎஸ் டிஸ்ப்ளே போடுங்க, மெயின் த்ரெட்டா ஜிபியுவான்னு அதுவே காட்டும்.

நீலவானம்_எக்ஸ்பி:

இன்னொரு சிம்மான எக்ஸ்-ப்ளேன் 12 பக்கம் எப்பயாவது வருவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். இலவசமா கெடக்கற ஸிபோ 737 ஒண்ணுக்காகவே வரலாம். சிபியு கதை அங்கயும் இதேதான், கூடவே மேகம் வந்துட்டா ஜிபியு மேல பாரம் கூடும். ரேடியான் கார்டு எடுத்தா சில ப்ளகின் பாப்-அப் மினுக்கும், செட்டிங்ஸ்ல ஸிங்க்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணினா சரியாயிடும். ஆர்த்தோ சீனரி (நிஜ வான்படத்துல செஞ்ச தரை) எறக்கற பழக்கம் வந்துருச்சுன்னா 1 டிபி எஸ்எஸ்டி எல்லாம் எந்த மூலைக்கு. ஜென்4 என்விஎம்இ எஸ்எஸ்டி 2 டிபியா எடுங்க, ஜென்5க்கு அதிகமா குடுக்கற காசு சிம்முல கண்ணுக்கே தெரியாது.

கோவைப்பறவை:

இவ்வளவு விரிவா சொல்வீங்கன்னு எதிர்பாக்கலங்க, மனசு நெறஞ்ச நன்றி. இப்போ லிஸ்ட்ட இப்படி மாத்தியிருக்கேன்: 7800எக்ஸ்3டி, பி650 போர்டு, 32 ஜிபி ரெண்டு ஸ்டிக் விலை பாத்துட்டு, இல்லன்னா 16 ரெண்டு, 5070 டிஐ, 2 டிபி ஜென்4. இன்னும் ரெண்டு சந்தேகம். எங்க ஏரியால கரண்ட் அடிக்கடி போயிட்டு போயிட்டு வரும், ஏசியும் இல்லாத ரூமு, ஏப்ரல் மே மாசத்துல ரூமே 35, 36 இருக்கும். லிக்விட் கூலர் இல்லாம தாங்குமா? யுபிஎஸ் எவ்வளவு வேணும்? அப்புறம் மிச்சக் காசுல சைட்ஸ்டிக் என்ன வாங்கறது, யோக் (ஸ்டியரிங் மாதிரி இருக்கற கைப்பிடி) வேணுமா?

ரன்வே25:

தாங்கும் தம்பி, சந்தேகமே வேண்டாம். எக்ஸ்3டி சிப்பு சிம்மு ஓடறப்போ 100 வாட் கூட தொடறது கஷ்டம். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் மாதிரி ரெண்டு டவர் ஏர் கூலர் போதும், பம்பு நிக்குமோ தண்ணி கசியுமோன்னு கவலையும் கெடையாது. ஆனா அந்த கண்ணாடி முகப்பு கேபினெட்ட மட்டும் தூக்கி அந்தப் பக்கம் வைங்க. நம்ம ஊர் வெயிலுக்கு முன்பக்கம் முழுக்க வலை போட்ட மெஷ் கேபினெட்டுதான், முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள. கார்டு மட்டும் 300 வாட் சூட்ட உள்ள கொட்டும், அது வெளிய போக வழி வேணும். தூசி ஃபில்டர் கழட்டிக் கழுவற மாதிரி இருக்கான்னும் பாருங்க.

பவர் சப்ளை 1000 வேண்டாம், 5070 டிஐக்கு என்விடியா சொல்றது 750, நல்ல கம்பெனி கோல்டு 850 எடுத்தா நாளைக்கு பெரிய கார்டு போட்டாலும் மாத்த வேண்டாம். ஏடிஎக்ஸ் 3.1, கார்டுக்கு போற 12வி-2x6 கேபிள் கூடவே வர்றதா பாருங்க, அந்த கனெக்டர கடைசி வரைக்கும் அழுத்தி இடைவெளி இல்லாம சொருகணும், கிட்டயே வச்சு மடக்கவும் கூடாது.

யுபிஎஸ்ல கடைக்காரங்க 600 விஏ எடுத்துக் குடுப்பாங்க. அது பொதுவா 360 வாட்தான், உங்க பிசி மானிட்டரோட 450 வாட் கிட்ட போகும், கரண்ட் போன செகண்டுல அதுவும் சேந்து அணைஞ்சிடும். 1000 விஏக்கு மேல, லேபிள்ல வாட் 600 இருக்கான்னு படிச்சுப் பாத்து எடுங்க. முடிஞ்சா ப்யூர் சைன்வேவ் (வீட்டு கரண்ட் மாதிரியே சீரான அலை), ஆக்டிவ் பிஎஃப்சி பவர் சப்ளைங்க சிலது மலிவு யுபிஎஸ்ஸோட ஒத்துப்போகாது. பத்து நிமிஷம் நின்னா போதும், வாட்சிம் கண்ட்ரோலர் கிட்ட சொல்லிட்டு மரியாதையா டிஸ்கனெக்ட் பண்ணலாம். ரௌட்டரையும் அதே யுபிஎஸ்ல சொருகுங்க, எம்எஸ்எஃப்எஸ் 2024 பாதி சாமான நெட்டுல இருந்துதான் எறக்குது, நெட்டு போனா தரை மங்கிடும்.

சிங்கைவானம்பாடி:

ஏ320க்கு யோக் எதுக்கு தம்பி, சைட்ஸ்டிக்தான். த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ ஏர்பஸ் எடிஷன் ஸ்டிக்கும் த்ராட்டில் குவாட்ரண்டும் சேந்த செட்டா கெடைக்கும், லீவர்ல ஐடில், க்ளைம்ப், ஃபிளெக்ஸ், டோகா எல்லாம் கைல டக்கு டக்குன்னு உக்காரும். ஏர்பஸ் ஓட்டறதுக்கு அந்த உணர்வு எவ்வளவு பெரிய விஷயம்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும், எனக்கு கார்டு வாங்கின சந்தோஷத்த விட இதுல சந்தோஷம் அதிகம். ஸ்டிக்க திருப்பினா ரட்டர், அதனால பெடல் பின்னாடி வாங்கிக்கலாம். வாங்கினதும் ஃபெனிக்ஸ் டேப்லெட்டுல த்ராட்டில் காலிப்ரேட் பண்ணுங்க, பண்ணலன்னா க்ளைம்ப் டிடென்ட்டுல (லீவர் உக்காரற பள்ளம்) வச்சாலும் ஆட்டோ த்ரஸ்ட் ஒழுங்கா பிடிக்காது.

தலை அசைச்சா காக்பிட் திரும்பணும்னா ட்ராக்ஐஆருக்கு இப்பவே காசு குடுக்காதீங்க. ஓபன்ட்ராக் இலவசம், அதுல நியூரல்நெட் ட்ராக்கர் இருக்கு, சாதாரண வெப்கேம் போதும். விண்ட்ஸ்கிரீன விட்டு கண்ண எடுக்காம லேசா தலைய சாய்ச்சு ரன்வேய தேடறது இருக்கே, விஷுவல் அப்ரோச்சே வேற மாதிரி ஆயிடும். ஸ்டிக், குவாட்ரண்ட், கேமரா எல்லாத்தையும் கரண்ட் அடாப்டர் வச்ச யுஎஸ்பி ஹப்புல போட்டுட்டு, விண்டோஸ் பவர் செட்டிங்ஸ்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் ஆஃப் பண்ணிடுங்க. இல்லன்னா க்ரூஸ்ல ரெண்டு மணி நேரம் தொடாம விட்ட ஸ்டிக்கு டிசெண்ட்ல எழுந்திருக்காது.

ரன்வே25:

ஒண்ணு விட்டுப்போச்சு. அசெம்பிள் பண்ணி மொத தடவ ஆன் பண்றப்போ திரை சில நிமிஷம் கருப்பாவே இருக்கும், டிடிஆர்5 மெமரி ட்ரெயினிங் நடக்குது. எக்ஸ்போ ஆன் பண்ணினப்புறமும் ஒரு தடவ அப்படி ஆகும். ரெண்டு தடவயும் பவர் பட்டன தொடாம காத்திருங்க.