மேல்காற்று அடித்தால் களத்தில் இணையம் இழுக்கிறது

தோப்புக்காரி, ஆனைமலை:

வணக்கம். ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் இருக்கின்றன. ஃபைபர் இணைப்பு சாளை வரைதான், அதாவது தோப்பு வீடு வரைதான் வருகிறது. களத்து ஆபீஸ் அங்கிருந்து நேர் தெற்கே 190 மீட்டர். டேப் பிடித்து நானே அளந்தேன். நடுவே முழுக்கத் தோப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் சாளை மொட்டைமாடியில் ஒன்று, களத்து ஆபீஸ் கூரையில் ஒன்று என்று 5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாப் பெட்டிகள் இரண்டை எதிரெதிரே வைத்து இணைத்துக் கொடுத்தார்கள். தரையிலிருந்து இரண்டும் ஏறக்குறைய 18 அடி உயரம்.

இரண்டு ஆண்டுகள் குறை சொல்ல இடமில்லாமல் ஓடியது. போன ஆடியில் லேசாக மக்கர் செய்தது. இந்த ஆனி பிறந்ததிலிருந்து தாங்க முடியவில்லை. காலை 9 மணி வரை 40 மெகாபிட் வேகம் வருகிறது. 11 மணிக்கு மேல் இரண்டு, ஒன்று, சில நேரம் அதுவும் இல்லை. அரை நிமிடம் ஓடும், அரை நிமிடம் நிற்கும். பொழுது சாய்ந்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. மழை பெய்த அன்று இரவிலும் இழுக்கிறது.

எடைமேடை ரசீது இணையம் வழியாகத்தான் போடுகிறோம். லோடு ஏற்றிய லாரி மேடையில் நிற்க, டிரைவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்க, கணினியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? ரவுட்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். இணைப்புக் கொடுத்தவர்கள் ஒவ்வொரு முறையும் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். காலையில் நன்றாக ஓடும் இணைப்பு மத்தியானம் நின்றால், திட்டம் எப்படிக் காரணமாகும்? 23 நாட்களாக மணி வாரியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து நார் மில்லின் மோட்டார் மேல் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடவில்லை; அன்றும் இதே கதைதான். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பின்னலாடை ஊர்க்காரன், திருப்பூர்:

அக்கா, எங்கள் கம்பெனியில் கட்டிங் பகுதியில் இதே மாதிரி வந்தது. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே சேனலில் குவிந்திருந்ததுதான் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். 6 இலிருந்து 11 க்கு மாற்றியதும் எங்களுக்குச் சரியானது. நீங்களும் சேனலை மாற்றிப் பாருங்கள்.

தோப்புக்காரி, ஆனைமலை:

நன்றி தம்பி. ஆனால் எங்கள் பெட்டிகள் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. சுற்றிலும் கால் மைலுக்கு வேறு வீடு கிடையாது. இருந்தாலும் நீங்கள் சொன்னதற்காக இரண்டு முறை சேனல் மாற்றிப் பார்த்தேன். மாற்றம் இல்லை.

கேமரா பொருத்துபவன், உடுமலை:

அக்கா, நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை. இப்போது இணைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். களத்துக் கணினியிலிருந்து முதலில் களத்துப் பெட்டிக்குப் பிங் செய்யுங்கள்; சின்னத் தகவல் ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் பிங். அடுத்து சாளைப் பெட்டிக்கு. அதே நேரத்தில் சாளையில் ஒருவர் ரவுட்டரில் கேபிள் சொருகி வெளியே பிங் செய்யட்டும். காலை ஒருமுறை, இணையம் இழுக்கும்போது ஒருமுறை. கணினியில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் எண்தான், பூஜ்யத்தை விட்டு விலக விலக சிக்னல் மோசம்.

இன்னொன்று. இணைப்பு முழுதாக அறுந்து ஒரு நிமிடம் கழித்து வருகிறதா, அறாமலே இழுக்கிறதா? 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்துபவை. அங்கே ரேடார் அலை தென்பட்டால் பெட்டி உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதே வகைப் புதுச் சேனலுக்குப் போனால் 60 நொடி கவனித்த பிறகுதான் பேசும். அப்படியென்றால் அது வேறு வைத்தியம்.

தோப்புக்காரி, ஆனைமலை:

அறவில்லை, இழுக்கத்தான் செய்கிறது.

நேற்று அளந்தேன். சாளையில் மகள் உட்கார்ந்தாள். காலை 8 மணிக்குச் சிக்னல் மைனஸ் 54. சாளைப் பெட்டிக்குப் பிங் 2, 3 மில்லி நொடி. மதியம் 12.30 க்குக் களத்துப் பெட்டிக்கு எப்போதும் போல ஒரு மில்லி நொடி. சாளைப் பெட்டிக்கு 40 இலிருந்து 900 வரை துள்ளுகிறது. 100 க்கு 14 திரும்பி வரவே இல்லை. அதே நிமிடத்தில் மகளுக்கு வெளியே 12 மில்லி நொடி, ஒன்றுகூடத் தவறவில்லை. சிக்னல் ஒரு இடத்தில் நிற்காமல் மைனஸ் 58, 74, 60, 73 என்று ஆடுகிறது.

ஆக, ஃபைபரில் குறை இல்லை, ரவுட்டரில் குறை இல்லை. இரண்டு ரவுட்டருக்குக் கொடுத்த பணம் வீண். நடுவில் இருக்கும் 190 மீட்டரில்தான் ஏதோ இருக்கிறது.

கேமரா பொருத்துபவன், உடுமலை:

காற்றுதான் அக்கா. காற்று தனியாக ஒன்றும் செய்யாது, ஓலையைக் கொண்டுவந்து குறுக்கே போடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஆனி, ஆடியில் நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற வலுக்கும், பொழுது சாய்ந்தால் தணியும். உங்கள் நோட்டில் இருக்கும் நேரமும் அதுதான்.

ஓலை முழுக்கத் தண்ணீர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே உறிஞ்சிவிடும். மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடுதலாக. மைனஸ் 54 இலிருந்து 74 க்கு இறங்கினால் வந்து சேரும் சக்தி நூறில் ஒரு பங்கு. அப்போது பெட்டிகள் இணைப்பை விட்டுவிடாமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சேராததைத் திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. அதனால்தான் அறாமல் இழுக்கிறது.

ஆன்டெனாவுக்கு ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நூல் சுற்றிய கதிர் மாதிரி நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கிப் போகும். உங்கள் தூரத்துக்கு நடுப்பகுதியில் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆரம். அதில் மைய நூலைச் சுற்றி அறுபது சதவீதமாவது வெட்டவெளியாக இருக்க வேண்டும். மதியம் களத்துக் கூரையில் ஏறி நின்று, கோட்டின் மேற்குப் பக்கத்தில் எந்த மரம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். முதிர்ந்த மரமாக இருக்காது; அவற்றின் கொண்டை மேலே போயிருக்கும்.

காங்கேயத்து விவசாயி:

அம்மணி, தம்பி சொல்வது சரி. குறுக்கே வரும் மட்டை இரண்டு மூன்றை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஆன்டெனாவை எல்லாம் விட்டுவிட்டு ஃபைபர் ஒயரையே களம் வரை இழுத்துவிடுங்கள்.

தோப்புக்காரி, ஆனைமலை:

ஐயா, பச்சை மட்டையை நான் வெட்ட மாட்டேன். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. மட்டை போனால் குலைக்குத் தாங்கலும் இல்லை, மரத்துக்குச் சாப்பாடும் இல்லை. அப்படியே வெட்டினாலும் மாதம் ஒரு புது ஓலை விரியும்; ஆண்டு முழுக்க அரிவாளோடு நிற்க வேண்டும்.

மரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். காய்ந்துபோன ஒரு மரத்தை எடுத்துவிட்டு அந்தக் குழியில் ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் நட்ட நெட்டை ரகத் தென்னை நாற்று. களத்திலிருந்து 60 மீட்டர், கோட்டுக்கு மேற்கே. ஆன்டெனா வைத்த அன்று அது என் தலை உயரம்கூட இல்லை. யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அதன் ஓலை நுனி 18 அடியைத் தாண்டிவிட்டது. காற்று இல்லாதபோது கோட்டை ஒட்டி நிற்கிறது. மேல்காற்று அடித்தால் ஓலை முழுவதும் கிழக்கே சாய்ந்து கோட்டுக்குள் வந்துவிடுகிறது. கூரையில் நின்று நான் "இப்போது" என்று கத்தினேன். கீழே கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் எண்ணைச் சொன்னாள். ஒரு முறைகூடத் தப்பவில்லை. மார்கழியில் தொந்தரவே இல்லாததற்கும் விடை கிடைத்தது: அப்போது கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்று, ஓலை மேற்கே போய்விடும்.

இந்த ஆண்டுதான் அது முதல் பாளை விட்டிருக்கிறது. மரத்தைத் தொடாமல் வழி சொல்லுங்கள் தம்பி.

கேமரா பொருத்துபவன், உடுமலை:

உயர்த்துவதைவிட நகர்த்துவது நல்லது. உயர்த்தினால் மரமும் துரத்திக்கொண்டு வளரும். களத்துப் பக்கத்து ஆன்டெனாவை மட்டும் கிழக்கே 5 மீட்டர் தள்ளுங்கள். மரத்துக்கு நேரே கோடு ஏறக்குறைய 3.4 மீட்டர் விலகும். புதுக் கோட்டில் முதிர்ந்த மரத்தின் தண்டு எதுவும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகர்த்திய பின் இரண்டு பெட்டியையும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி மெதுவாகத் திருப்பி, சிக்னல் எண்ணைப் பார்த்து முடுக்க வேண்டும்.

ஐயா சொன்ன ஃபைபர்தான் நிரந்தர வழி. சாதாரணச் செம்புக் கேபிளை இழுத்துவிடாதீர்கள். அது 100 மீட்டருக்கு மேல் தாங்காது. ஐப்பசி இடி ஒன்று இறங்கினால் இரு பக்கத்துப் பெட்டியும் போய்விடும். ஃபைபரில் மின்சாரம் பாயாது.

தோப்புக்காரி, ஆனைமலை:

வெள்ளிக்கிழமை நகர்த்தினோம். எடைமேடையின் கிழக்கு மூலையில் இருந்த இரும்புக் கம்பத்திலேயே கட்டிவிட்டோம். கோடு இப்போது வண்டித்தடத்தின் மேலே போகிறது. நான்கு நாட்கள் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நேற்று மதியம் தோப்பே ஊளையிடுகிற மாதிரி காற்று. சிக்னல் மைனஸ் 53 க்கும் 56 க்கும் நடுவில் நின்றது. 100 பிங்கில் ஒன்றும் தவறவில்லை. பதினொரு லோடு, எல்லாவற்றுக்கும் உடனுக்குடன் ரசீது.

தை மாதம் சொட்டுநீர் மெயின் குழாயை மாற்றப் போகிறோம். அந்தப் பள்ளத்திலேயே ஃபைபரையும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மரத்தடியிலிருந்து ஆறடிக்குள் தோண்ட விடமாட்டேன், வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான். வரிசைக்கு நடுவில்தான் பள்ளம். எங்கள் தோப்பில் எலித் தொல்லை அதிகம். என்ன செய்யலாம்?

கேமரா பொருத்துபவன், உடுமலை:

எலிப் பல்லைத் தாங்கும், உலோகம் இல்லாத கவசம் சுற்றிய ஃபைபர் என்று கேட்டு வாங்குங்கள் அக்கா; இரும்புக் கவசம் என்றால் இடி அதன் வழியே வரலாம். அதையும் தனிக் குழாய்க்குள் விட்டு, இரண்டடி ஆழத்தில் போடுங்கள். குழாயின் இரண்டு வாயையும் கம்பி வலை வைத்து அடைத்துவிடுங்கள். சாளையில் ஐந்து, களத்தில் ஐந்து மீட்டர் ஃபைபரை வளையமாகச் சுற்றி மிச்சம் விட்டுவையுங்கள். எங்காவது அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்கு ஆகும்.