மாணவர் வாசிப்பு ஆய்வு: ஒலிப்பதிவைச் செயலியிடம் கொடுத்து எழுத்தாக்கலாமா?

வைகைக்கரை:
எம்.எட். ஆய்வுக்காக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிகிறேன். பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் இருக்கிறது. பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதுவதற்குள் மாலைப்பொழுது போய்விடுகிறது. பேச்சை எழுத்தாக்கும் செயலியில் போட்டு, வருவதையே தரவாக வைத்துக்கொள் என்கிறாள் உடன் படிப்பவள். வழிகாட்டி வாயைத் திறக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
வேண்டாம் அம்மா. அந்தச் செயலிகள் காதில் விழுந்ததை மட்டும் எழுதுவதில்லை. அந்த இடத்தில் எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகிக்கவும் செய்கின்றன. பிள்ளை 'பல்லிக்குப் போனான்' என்று வாசித்தாலும் 'பள்ளிக்குப் போனான்' என்று எழுதிவைக்கும். உங்களுக்கு வேண்டியதே அந்தப் பிழைதானே?

எலான் மென்பொருளைப் பாருங்கள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கியது, இலவசம். ஒலியலையின் கீழேயே குறிப்பு எழுதலாம், வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். ஓர் அடுக்கில் (குறிப்பு எழுதும் வரிசையில்) நீங்களும் மற்றோர் அடுக்கில் இன்னொருவரும் குறியுங்கள். உங்கள் குறிப்பு அவர் கண்ணில் படக்கூடாது.

பிறகு 'இருவரும் 90 சதவீதம் ஒத்துப்போனோம்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் நான் முதலில் கைவைக்கும் இடம் அது. இருவருமே நூற்றுக்கு 90 சொற்களைச் 'சரி' என்று குறித்திருந்தால், குருட்டாம்போக்கிலேயே 82 சதவீதம் ஒத்துப்போகும் ('சரி'யில் 0.9 × 0.9, 'தவறி'ல் 0.1 × 0.1, கூட்டினால் 0.82). ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த காப்பா என்ற ஒப்புமை அளவு அதைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது. 0.90இல் 0.82 போக மிச்சம் 0.08, அதை 0.18ஆல் (1இல் 0.82 போக மிச்சம்) வகுத்தால் 0.44. அந்த 90 இப்போது எப்படித் தெரிகிறது?

மாட்டுத்தாவணி:
பிழையின் வகை வேண்டாம், நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பது மட்டும் போதும் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான ஈக்ரா (EGRA) வாசிப்புத் தேர்வை வடிவமைத்த ஆர்டிஐ இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் டேஞ்சரின் செயலி இருக்கிறது. பிள்ளை வாசிக்கும்போதே தவறிய சொல்லைத் தொட்டால் நேரத்தையும் கணக்கையும் அது பார்த்துக்கொள்ளும். இணையம் எட்டாத ஊரிலும் ஓடும்.

வைகைக்கரை:
வகைதான் வேண்டும். 'வாழைப்பழம்' பலர் வாயில் 'வாளைப்பளம்' ஆகிறது. எங்கள் பக்கம் பெரியவர்களே அப்படித்தான் பேசுகிறோம். இதையும் பிழை என்று எண்ணுவதா?

கரும்பலகை:
வட்டார உச்சரிப்பைப் பிழையாக்கக் கூடாது. ஈக்ராவின் விதியும் அதுவே. வாழைப்பழப் படத்தைக் காட்டி, 'இது என்ன?' என்று கேட்டு அதையும் பதியுங்கள். பேச்சிலும் ளகரம் என்றால் அது ஊர் வழக்கு. பேச்சில் ழகரம் வந்து வாசிப்பில் ளகரம் வந்தால் பிழை. குறிக்கத் தொடங்கும் முன்பே இந்த விதியை எழுதித் தேதியிட்டு வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாயைத் திறக்காதவர் கையையாவது அசைக்கட்டும். ஏற்கெனவே பதிந்த பிள்ளைகளிடம் படத்தை மட்டும் கொண்டுபோங்கள். பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லாதீர்கள், இதற்குள் பாதி மனப்பாடம் ஆகியிருக்கும்.