பெரிய வீட்டுக் குழுவில் யாழினியின் ரைஃபிள்

*பெரிய வீடு, பாலக்கோடு (14 பேர்)*
*சனிக்கிழமை*

பெங்களூர் அண்ணன், காலை 6:52
அனைவருக்கும் வணக்கம். யாழினிக்கு ஏற்ற பாயின்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைஃபிள் ஒன்று இங்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் நிறுவனத் தயாரிப்பு. பழையதுதான், ஆனால் நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள். மூன்றரை லட்சம் கேட்கிறார். நாளை இரவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அரூர் அத்தை, 6:58
வீட்டுக்குத் துப்பாக்கியா? விடிந்ததும் இதைப் படித்துக் கை நடுங்குகிறது.

அம்மா, 7:03
அண்ணி, இது குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கானது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனாரே, அந்த விளையாட்டுதான்.

பென்னாகரம் மாமா, 7:11
எங்கள் பக்கத்தில் துப்பாக்கி என்றாலே வீரப்பன் தேடுதல் காலம்தான் நினைவுக்கு வரும். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அவன் கதை முடியும்வரை, பொழுது சாய்ந்தபின் காட்டோரம் மாடு தேடிப் போகவே அஞ்சினோம். பிள்ளையின் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. எதைச் செய்தாலும் உரிமத்தோடு செய்யுங்கள்.

யாழினி, 7:15
உரிமம் இல்லாமல் தொடக்கூட மாட்டேன், மாமா. சித்தப்பா, நீங்கள் படங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஓசூர் சித்தப்பா, 7:48
பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். யாழினி இதுவரை சுட்டது 10 மீட்டர் காற்று ரைஃபிள். அதற்குமுன் கல்லூரியில் என்.சி.சி.யில் 25 கெஜத்தில் படுத்துச் சுட்டாள். இப்போது அவள் போக விரும்புவது 50 மீட்டர். அங்கே பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தின் அகலம். முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் 60 முறை அந்த நகத்தைத் தொட வேண்டும். 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தப் போட்டியில்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சிஃப்ட் கவுர் சம்ரா 469.6 புள்ளி எடுத்து உலக சாதனையோடு தங்கம் வென்றதும் இதில்தான்.

இந்த வகைத் தோட்டாவில் தீமூட்டும் மருந்து பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளே இருக்கும். ஊசி அந்த விளிம்பைத் தட்டி நசுக்கும்போது பற்றிக்கொள்ளும். அதனால்தான் ரிம்ஃபயர் என்கிறார்கள். அந்த மருந்து விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் பரவவில்லை என்றால் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறும். 25 கெஜத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. 50 மீட்டரில் துளைகள் மேலும் கீழுமாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ரைஃபிள் வாங்குவது என்பது பாதி வேலைதான், அதற்குப் பிடித்த தோட்டாவைக் கண்டுபிடிப்பது மறுபாதி.

பெரியப்பா, 7:55
தம்பி எழுதிய தமிழில் பிழை இல்லை. மகிழ்ச்சி. ஆனால் வாங்கலாமா, வேண்டாமா என்பதை எழுதவில்லையே.

ஓசூர் சித்தப்பா, 8:02
அண்ணா, அதற்குத்தான் வருகிறேன். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோட்டாவை ஏற்றவும் சுட்ட கூட்டை வெளியேற்றவும் இழுக்கும் போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது. கன்னம் பதிக்கும் கட்டை இடப்பக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இது வலக்கைக்காரருக்கான ரைஃபிள். நம் யாழினி இடக்கை.

பெங்களூர் அண்ணன், 8:04
அதை நான் கவனிக்கவே இல்லை.

அரூர் அத்தை, 8:09
சிறுவயதிலேயே ஆயா அந்தக் கையை முந்தானையால் கட்டி, வலக்கையால் சோறு தின்னப் பழக்கினார். அப்போதே விடாமல் செய்திருந்தால் இன்று இந்தச் சிக்கல் இருக்காது.

அம்மா, 8:12
அன்று பிள்ளை அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை, அண்ணி. கட்டியதை அவிழ்த்தவள் நான்தான். அதற்காக ஆயா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

யாழினி, 8:14
அம்மா, போதும். சித்தப்பா, துப்பாக்கிச் சுடும் கழகத்தின் காற்று ரைஃபிளில் கட்டை இருபுறமும் பொருந்தும்படி இருப்பதால் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இதில் பழகிக்கொள்ள முடியாதா?

ஓசூர் சித்தப்பா, 8:31
பழகலாம், கண்ணு; ஆனால் உன் உடம்பு அதற்கு விலை கொடுக்கும். படுத்து நீ குறிபார்க்கும்போது வலக்கை வாரில் இறுக்கிப் பூட்டப்பட்டு ரைஃபிளைத் தாங்கிக்கொண்டிருக்கும், அதை அசைக்கக் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் இடக்கையை விசையிலிருந்து எடுத்து, கட்டைக்கு மேலாக வலப்பக்கம் கொண்டுபோய்ப் போல்ட்டை இழுக்க வேண்டும். தோள் நகரும், கன்னம் நகரும். மறுபடி அதே இடத்தில் கன்னத்தைப் பதிக்கிறாயா என்பது ஒவ்வொரு முறையும் சந்தேகம். போதாக்குறைக்குச் சுட்ட கூடு உன் முகம் இருக்கும் பக்கமாகத் தெறிக்கும்.

நான் இருந்த படைப்பிரிவின் துப்பாக்கிச் சுடும் அணியில் இடக்கைக்காரர் ஒருவர் இருந்தார். வலக்கை ரைஃபிளில் முதல் இருபது சுடுகளில் அவர்தான் எங்களில் முதல். நாற்பதைத் தாண்டும்போது கழுத்து இறுகி எட்டும் ஒன்பதுமாக விழும். இடக்கை ரைஃபிள் ஒன்றைக் கொடுத்த பிறகு, அந்த மனிதர் கடைசிச் சுடு வரை மூச்சு மாறாமல் படுத்திருந்ததை நான் பக்கத்துப் பாயிலிருந்து பார்த்தேன். ஆன்ஷூட்ஸே இடக்கையர்களுக்கென்று தனியாகச் செய்கிறது. கிடைப்பது அரிது, காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா, 8:40
இப்போதுதான் மண்டியிலிருந்து வருகிறேன். மூன்றரை லட்சம் என்பதைப் படித்தேன். தக்காளி விற்கிற விலையில் இதை நான் ஒருவனாகத் தூக்க முடியாது.

அரூர் அத்தை, 8:43
ஆழ்குழாய்க் கிணற்றுக்கு வாங்கிய ஒரு லட்சம் என்ன ஆயிற்று என்று நான் இன்றுவரை கேட்டதில்லை, தம்பி.

அப்பா, 8:44
தை மாதம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அக்கா. குழுவில் வேண்டாமே.

பெரியப்பா, 8:50
இருவரும் இதைப் பிறகு பேசிக்கொள்ளுங்கள். தம்பி, விலையில் இதைவிடக் குறைந்தது எதுவும் இல்லையா? நம் நாட்டில் இஷாப்பூர் ஆலையில் பாயின்ட் டூ டூ செய்கிறார்களே.

ஓசூர் சித்தப்பா, 9:06
செய்கிறார்கள், அண்ணா. சுடக் கற்றுக்கொள்ள அது போதும். போட்டிக்கு மூன்று குறை உண்டு. விசை கனமாக இருக்கும், கட்டையின் நீளத்தையும் கன்ன உயரத்தையும் ஆளுக்கேற்ப மாற்ற முடியாது, கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் பின்பார்வையில் நுண்ணிய திருகு கிடையாது. செக் நாட்டின் சி.இசட். ரைஃபிள்கள் இடைப்பட்டவை, குழல் நேர்மையானது. ஆனால் யாழினிக்கு முதலில் வேண்டியது உடம்புக்குப் பொருந்தும் கட்டை. பிறகு விசை. அதற்குப் பிறகுதான் குழல். பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். நீளமான குழல் இருந்தால் தோட்டா வேகமாகப் போகும் என்றும் நினைக்க வேண்டாம். இந்தச் சிறிய தோட்டாவின் மருந்து 16 முதல் 19 அங்குலத்துக்குள் எரிந்து முடிந்துவிடும். மீதி நீளம் குழல் முனையில் இருக்கும் முன்பார்வையைத் தள்ளி வைப்பதற்குத்தான் உதவும்.

பெங்களூர் அண்ணன், 9:10
தோட்டாவில் வேகமானதாக வாங்கினால் காற்றை வெட்டிக்கொண்டு போகாதா?

ஓசூர் சித்தப்பா, 9:22
போகாது. போட்டித் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகம், ஒலியைவிடச் சற்றுக் குறைவு. அதைத் தெரிந்தேதான் அப்படிச் செய்கிறார்கள். ஒலியைத் தாண்டிக் கிளம்பும் தோட்டா வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது தள்ளாடும். குறுக்குக் காற்றும் அதைத்தான் அதிகமாக ஒதுக்கும். 2.6 கிராம் ஈயத்துக்கு நம் ஊர் ஆடிக்காற்று பெரிய எதிரி; வேகத்தால் அதை வெல்ல முடியாது, கொடியைப் பார்த்துக் காத்திருந்துதான் வெல்ல வேண்டும்.

இன்னொன்று. எங்கள் அணியில் வரிசை எண் அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஆன்ஷூட்ஸ் இருந்தன. ஒன்று லாப்புவா தோட்டாவில் ஐந்தையும் ஒரே துளையாக்கும். மற்றது அதே பெட்டித் தோட்டாவைச் சிதறடித்து, ஈலி தோட்டாவைத்தான் ஏற்றுக்கொண்டது. ஆகவே எந்த ரைஃபிளாக இருந்தாலும் குறைந்தது மூன்று வகைத் தோட்டாவில், வகைக்கு ஐந்தைந்தாக நான்கு முறை சுட்டுப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். வகையை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்து சுடுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய தோட்டாவின் மேல்பூச்சு மெழுகு போய்ப் புதியதன் மெழுகு குழலில் படிய வேண்டும்.

பெங்களூர் அண்ணன், 9:25
ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று இரவே முன்பணமாக இருபதாயிரம் அனுப்பிவிட்டேன். வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர் சொன்னார்.

அப்பா, 9:26
யாரைக் கேட்டு அனுப்பினாய்?

பெரியப்பா, 9:33
தங்கையின் மேல் இருக்கும் பாசத்தில் செய்தான், விடு. ஆனால் கதிர், சட்டத்தை மறந்துவிட்டாய். ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் உள்ளவருக்குத்தான் விற்க முடியும். விற்பவரும் முன்கூட்டியே தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். யாழினிக்கு 21 வயது நிறைந்துவிட்டது, அது சரி. மனு இன்னும் ஆட்சியர் அலுவலகத்துக்கே போகவில்லை. அதன்பின் காவல்துறை விசாரணை வேறு இருக்கிறது. நாளை இரவு என்ற கெடுவுக்கு என்ன பொருள்?

பென்னாகரம் மாமா, 9:37
உரிமம் என்றதும் தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி நினைவுக்கு வருகிறது. கடலைக் காட்டில் பன்றி விரட்ட வைத்திருந்தது, தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததோடு சரி.

அப்பா, 9:39
தாத்தா போனபின் அந்த உரிமப் புத்தகத்தைத் தேடித் தருவதாகச் சொன்னது அண்ணன்தான்.

பெரியப்பா, 9:41
புத்தகம் உன் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது என்று நானும் அன்றே சொன்னேன். அதை விடு. ஒன்று மட்டும் உறுதி, யாழினியின் ரைஃபிளுக்கு அந்த நிலை வரக் கூடாது. தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்க வேண்டுமா, விளையாட்டு வீரருக்கு விலக்கு உண்டா என்பதையெல்லாம் மனு கொடுக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அரூர் அத்தை, 9:46
வீட்டில் எங்கே வைப்பீர்கள்? குழந்தைகள் வந்துபோகும் வீடு.

ஓசூர் சித்தப்பா, 9:58
அக்கா கேட்பதுதான் சரியான கேள்வி. சிறிய தோட்டா என்று யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஒரு மைல் வரை ஆபத்து என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று, தோட்டாவுக்கு வேறொரு பூட்டு, போல்ட்டைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். சாவி யாழினியிடம் மட்டும். வயலில் கொக்கு, பன்றி என்று ஒருவரும் அதைக் கேட்கக் கூடாது.

யாழினி, 10:05
சித்தப்பா, அப்படியானால் ஒரு வருடம் கழகத்தின் ரைஃபிளிலேயே சுடட்டுமா? அங்கே இடக்கைப் பாயின்ட் டூ டூ ஒன்று இருக்கிறது. பழையது, விசை சற்றுக் கரகரவென்று இருக்கும். தோட்டாவுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

ஓசூர் சித்தப்பா, 10:09
அதுதான் என் விருப்பமும். மனுவை இப்போதே கொடுத்துவிடலாம், அது நகரட்டும். ஒரு வருடத்தில் உன் கட்டையின் நீளம் என்ன, கன்னம் எந்த உயரத்தில் பதிகிறது என்பது உனக்கே தெரிந்துவிடும். அந்த அளவுகளோடு போய் வாங்கு.

பெங்களூர் அண்ணன், 10:12
முன்பணத்தைத் திருப்பித் தருவாரா என்று தெரியவில்லை. ஒருமுறை வந்து கையில் எடுத்தாவது பார்க்கலாமே.

ஓசூர் சித்தப்பா, 10:20
அடுத்த சனிக்கிழமை நானும் யாழினியும் ஓசூரிலிருந்து வருகிறோம். அவருடைய பயிற்சித் தளத்தில், அவர் முன்னிலையில்தான் பார்ப்போம். குழல் வாயின் விளிம்பில் கீறல் இருக்கிறதா, தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து இழுத்து, தோட்டா அமரும் அறையின் ஓரத்தில் ஊசி பள்ளம் போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். வாங்குவதற்காக வரவில்லை, இருபதாயிரத்தைப் பற்றிப் பேச வருகிறோம்.

அப்பா, 10:24
சனிக்கிழமை காய் பறிப்பு. யாழினி இல்லாவிட்டால் கணக்கு எழுத ஆள் இல்லை. ஞாயிறு போகக் கூடாதா?

ஓசூர் சித்தப்பா, 10:25
ஞாயிறு தளம் திறந்திருக்குமா என்று கதிர் கேட்டுச் சொல்லட்டும்.

பெங்களூர் அண்ணன், 10:31
அழைத்தேன், எடுக்கவில்லை. மாலையில் மறுபடி அழைக்கிறேன்.

அரூர் அத்தை, 10:47
அந்த இடக்கைத் துப்பாக்கி என்ன விலை வரும்?